அப்பா டிசைனே அப்படித்தான்

பைய மேல வைக்காதிய அண்ணாச்சி. காலுக்கு ஊடால வச்சுக்கிட்டு வாரை முழங்கால்ல ஒரு சுத்து சுத்திக்கிடுங்க. நான் யாரையும் குறிச்சுச் சொல்லல. முன்னால பச்சைச் சட்டை போட்டு ஒருத்தன் ஒக்காந்திருக்கான் பாத்தியளா, அவன் ராஜபாளையத்துல ஏறினதுல இருந்து திரும்பித் திரும்பிப் பாக்கான். பஸ்ஸுல போறவனுக்குப் பின்னால என்ன சோலி? சன்னல் வழியா வேடிக்க பாத்துட்டு வரவேண்டியதுதான?

கோயமுத்தூரா? நானும் அங்கதான். நீங்க மதுரையில ஏறினிய, நான் விடியக்காலம் சங்கரன்கோயில்ல ஏறினவன். பேரு ஆறுமுகநயினார். வத்தல் கிடங்கு மேனேஜர். வத்தல்னா மிளகாய் வத்தல். மூட்டையில எடை ஏறணும்னு தண்ணி தெளிச்சுக் கொண்டாருவானுவ. மேலாப்புல பாத்தா நல்லா சிவப்பாத்தான் இருக்கும். கைய உள்ள விட்டு ஒரு பிடி அள்ளிக் காது பக்கத்துல குலுக்கிப் பாத்தாத்தான் தெரியும். காஞ்சது கலகலன்னு பேசும், நனைஞ்சது பேசாது. எல்லாரையும் நம்புறவன் அந்த நாற்காலியில ஒரு வாரம் ஒக்கார முடியாது. அதனால ஊருக்குள்ள என்னைப் பத்தி ஒரு பேச்சு உண்டு. "நயினார் டிசைனே அப்படித்தான்"பானுவ. முதுகுக்குப் பின்னாலதான். மூஞ்சிக்கு நேர சொல்லுத தைரியம் எவனுக்கும் கிடையாது.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்கியளா? எம் பொண்ணோட டிசி வாங்கப் போறேன். ஆமா, படிச்சது போதும்னு கூட்டிட்டு வரப் போறேன். என்ன படிக்கான்னு கேளுங்க. டிசைன் படிக்கா. சிரிச்சிட்டியளா? நானும் மொதல்ல சிரிச்சேன்.

ஒத்தப் பொண்ணு. சங்கரகோமதின்னு பேரு, வீட்டுல கோமு. ப்ளஸ் டூவுல நல்ல மார்க்கு. இன்சினியரிங் சேக்கலாம், விவசாயக் காலேஜு சேக்கலாம், ஒண்ணும் இல்லன்னா டீச்சருக்குப் படிக்க வைக்கலாம். இதுக்கெல்லாம் ஆளு போன பாதை எங்க தெருவுல இருக்கு. எதுத்த வீட்டுப் பையன் இன்சினியர், அவன்ட்ட போய்க் கேட்டா எந்தக் காலேஜு, என்ன ஏதுன்னு சொல்லுவான். இவ போய் நின்ன எடத்துக்கு எங்க ஊருல இருந்து ஒரு ஈ காக்கா போனதில்ல. யாருட்ட போய் விசாரிக்க? சொந்தக்காரன்ட்ட சொன்னா, "சேலை டிசைனா மாப்ள?"ங்கான். எங் கொழுந்தியா, கோமு காலேஜுல சேந்த மறு மாசமே ஜாக்கெட் துணியைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டா, கோமு லீவுக்கு வந்தா தச்சுத் தரட்டும்னு. கோயில் கொடைத் திருவிழாவுக்கு பிளக்ஸ் போர்டு அடிக்க எங்க வீட்டுக்கு வந்து நின்னானுவ. நான் என்னத்தச் சொல்ல? எனக்கே தெரிஞ்சாத்தான சொல்ல.

சேருததுக்கு ஒரு பரீட்சை உண்டு அண்ணாச்சி. அந்தப் பரீட்சைக்குச் சொல்லிக் குடுக்கோம்னு திருநெல்வேலியில போர்டு வச்சிருந்தானுவ. நூத்துக்கு நூறு எடம் உறுதின்னு போட்டு, ஒரு புள்ள போட்டோ. அடுத்த தெருவுல இன்னொரு போர்டு. அதுலயும் அதே புள்ள, வேற பேரு! நான் பாத்துட்டேன், வேற எவனும் பாக்கல. ரெண்டு எடத்துலயும் படி ஏறாம அந்தாக்குல திரும்பிட்டேன். கோமு அவளாவே போனைப் பாத்துப் படிச்சுக்கிட்டா.

பரீட்சை எழுதிட்டு வெளிய வாறா, என்ன கேள்வின்னு கேக்கேன். "குடையை மழைக்குப் பிடிக்காம வேற எதுக்கெல்லாம் வச்சுக்கிடலாம்னு படம் போடச் சொன்னாங்கப்பா"ங்கா. சரி, எது சரியான விடைன்னு கேட்டேன். "எல்லாமே சரிதாம்பா." அதெப்பிடி? விடையே இல்லாத பரீட்சைக்கு எவன் எதை வச்சு மார்க்கு போடுவான்? அவனுக்கு வேண்டியவனுக்குப் போடுவான், அதான? ஆனா இவளுக்கு எடம் கெடச்சிட்டு. எங்களுக்கு அங்க வேண்டியவுக ஒருத்தரும் கெடையாது. அப்ப எதுக்குக் குடுத்தான்? அதுலதான் எனக்குச் சந்தேகம் சாஸ்தியாச்சு.

சேக்குததுக்கு முன்னால காலேஜுக்குப் போன் போட்டேன். காதுல கடுக்கன் போட்ட ஒரு வாத்தியாரு, அவருதான் பேசினாரு. கடுக்கன் எப்பிடித் தெரியும்னா, பெறவு போட்டோவுல பாத்தேன். படிச்சு முடிச்சா வேலை உறுதியான்னு கேட்டேன். "உறுதின்னு சொல்ல முடியாது சார். பொண்ணு செஞ்ச வேலைகளைக் காட்டித்தான் வேலை வாங்கணும்"ங்காரு. மார்க் சீட்டைக் காட்டித்தான வேலை வாங்குவாவ? இவுக என்னன்னா, நாலு வருசம் செஞ்சதை எல்லாம் பொதி மாதிரி சொமந்துட்டு கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கணுமாம். மொதல்ல கொஞ்ச மாசம் சும்மாவே வேலை பாத்துக் கத்துக்கிடணுமாம். உறுதின்னு சொன்னவனையும் நான் நம்பல, உறுதி இல்லன்னு சொன்னவரையும் நம்பல. உறுதி இல்லாத சரக்க எதுக்கு விக்காரு?

அப்ப எதுக்குச் சேத்தேன்னு கேக்கிய. நான் எங்க சேத்தேன்? எங்க வீட்டம்மா செண்பகம்தான். மூணு பேருமாத்தான் பொறப்பட்டோம். வீட்டைப் பூட்டினேன். நான் பூட்டினா சும்மா பூட்ட மாட்டேன், நல்லா இழுத்துப் பாப்பேன். காதைக் கிட்டக்க வச்சு இழுப்பேன். நாலு எட்டு போயிட்டு வந்து மறுபடியும் இழுப்பேன். அன்னைக்கும் இழுத்தேன். இழுத்துட்டு பஸ் ஏறி, ராஜபாளையம் வரும்போது நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிட்டு. இழுத்தமே, இழுத்தது இன்னைக்கா நேத்தான்னு ஒரு கொழப்பம். வீட்டுல ஆள் இல்ல. என்ன செய்யச் சொல்லுதிய? எறங்கித் திரும்பிட்டேன். அவ சேந்த அன்னைக்கு அவ அம்மாதான் கூட நின்னா. வீட்டுக்கு வந்து பாத்தா, பூட்டு ஒழுங்காத்தான் தொங்குது. பூட்டியிருக்கு, நல்லதுதான? அதுக்கு அந்தப் புள்ள என்னைப் பாத்த பார்வை இருக்கே... பஸ்ஸு சன்னல்ல இருந்து பாத்துட்டே போனா. கைகூடக் காட்டல.

எங்க போனாலும் அப்பிடித்தான். வீட்டுல ஆள் இல்லன்னா ராஜபாளையத்துக்கு அந்தப் பக்கம் நான் போனதே இல்ல. மச்சினன் கல்யாணத்துக்குக்கூட மதுர போகல, தாலி கட்டுத நேரம் நான் எங்க வீட்டு வாசல்ல நின்னு பூட்ட இழுத்துக்கிட்டு இருந்தேன். அதுக்கென்ன, கல்யாணம் நான் போகாம நின்னுட்டா?

சொல்ல வந்தது இது இல்ல. ஒரு நிமிசம்... ஒண்ணும் இல்ல, சட்டைப் பையைத் தொட்டுப் பாத்தேன்.

ரெண்டாவது வருசம், தீவாளி லீவுக்கு வந்தா கோமு. வந்த புள்ள தீவாளிப் பலகாரம் திங்கோமா, தோழிமாரைப் பாக்கோமான்னு இல்லாம, எம் பின்னாலயே சுத்துதா. நான் கிடங்கு பூட்டப் போனா பின்னால நிக்கா. வீட்டைப் பூட்டினா தூணுக்குப் பக்கத்துல நின்னு போனைப் பிடிக்கா. நான் திரும்பினா போனை எறக்கிக்கிடுதா. "என்னட்டி படம் எடுக்க?"ன்னா, "சும்மாப்பா"ங்கா. ஒரு நா கேக்கா: "அப்பா, பூட்டை இழுத்துப் பாக்கும்போது உங்க மனசுல என்ன ஓடும்?"னு. பூட்டைப் பூட்டும்போது மனசுல என்னட்டி ஓடும், பூட்டுதான் ஓடும்னேன். "பூட்டும்போது பயமா, பூட்டிட்டுப் போன பெறவு பயமா?"ங்கா. இதெல்லாம் ஒரு காலேஜுல படிக்கப் போன புள்ள பெத்த அப்பன்ட்ட கேக்குத கேள்வியா? எவனோ கேட்டு அனுப்பியிருக்கான்னு பட்டுது.

அவ லீவு முடிஞ்சு போனா. போன மறுநா பாக்கேன், வாசப் பூட்டைக் காணோம். எங்க அப்பா காலத்துப் பூட்டு. சாவியோட காணோம். வீட்டுல வேற ஒரு சாமான் போகல, பூட்டு மட்டும் போயிருக்கு. பூட்டைத் திருடுதவன் எவன்? வீட்டைப் பத்தி நல்லாத் தெரிஞ்சவன்தான். மாடி வீட்டு ரெத்தினசபாபதி மேலதான் எனக்குச் சந்தேகம். கேட்டே கேட்டுட்டேன், தெருவுல வச்சு. அன்னையில இருந்து பேச்சு வார்த்த கிடையாது. பெறவு பாத்தா அதை எடுத்துட்டுப் போனது கோமு! பிரிச்சுப் பாக்க எடுத்தாளாம். சரி, அவ எடுத்தான்னே இருக்கட்டும். ரெத்தினசபாபதி எடுக்கலன்னா நான் கேக்கும்போது அவன் எதுக்கு மூஞ்சிய அப்பிடி வச்சிருந்தான்? எனக்கு அது இன்னும் தீரல.

இது என்ன ஊரு, இம்புட்டு நேரம் நிக்கான்? திண்டுக்கல்லா? இந்த ஊரைப் பாத்தாலே எனக்கு ஆத்திரமா வரும் அண்ணாச்சி. சொல்லுதேன் கேளுங்க. எங்க சித்தப்பா மகன் பழனிக்குப் போறவன், இந்த பஸ் ஸ்டாண்டுல கோமுவைப் பாத்திருக்கான். காலேஜு நடக்குத நாளு. கூட ஒரு பையன், தாடி வச்சிருந்தானாம். ரெண்டு பேரு கையிலயும் ஆளுக்கொரு டீ கிளாசு. எனக்குத் தகவல் வந்திட்டு. கிடங்குல இருந்து வீட்டுக்கு ஓடியாந்தேன். கோயமுத்தூர்ல படிக்குத புள்ளைக்குத் திண்டுக்கல்லுல என்ன வேலை? போனைப் போட்டேன். "பூட்டுப் பட்டறைக்கு வந்தேம்பா"ங்கா. பொய் சொல்லுததா இருந்தா நல்ல பொய்யாச் சொல்லணும். தோழி வீட்டு விசேசம்னு சொன்னாக்கூட ஒரு நியாயம் இருக்கு. பொட்டப்புள்ள பூட்டுப் பட்டறைக்குப் போனேன்னு சொன்னா எவன் நம்புவான்? அந்தப் பையன் யாருன்னு கேட்டேன். கூடப் படிக்கானாம், அவன் நாற்காலி செய்யுதானாம். நாற்காலி செய்யுதவனுக்குப் பூட்டுப் பட்டறையில என்ன சோலின்னேன். போனை அவ அம்மாட்ட குடுக்கச் சொல்லிட்டா.

பொங்கலுக்கு வந்தா. ஒரு பூட்டைக் கொண்டாந்து எங் கையில குடுத்தா. "உங்களுக்குத்தாம்பா செஞ்சேன்"னா. புதுப் பூட்டு, நல்ல கனம். இதுல என்ன விசேசம்னா, இருங்க, காட்டுதேன். இந்தா பாத்தியளா, இந்தப் பித்தள வில்லை. காலணா மாதிரி இல்ல? பூட்டு திறந்திருந்தா இந்த வில்லை பூட்டுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கும், என்ன செஞ்சாலும் வெளிய வராது. பூட்டோட வளைஞ்ச கொண்டி முழுசா உள்ள எறங்கி, நீங்க சாவியைத் திருப்பி, பூட்டு சுத்தமா விழுந்தாத்தான் வில்லை கழண்டு உங்க உள்ளங்கையில வந்து விழும். அதை நீங்க பையில போட்டுக்கிடணும். வழியில சந்தேகம் வந்தா பையைத் தொட்டுப் பாத்தாப் போதும். வில்லை பையில இருந்தா வீடு பூட்டியிருக்கு. இம்புட்டுதான் விசயம். திரும்பி வந்து திறக்கும்போது வில்லையை மறுபடியும் அதுலயே வச்சிரணும்.

"எனக்கு எதுக்குட்டி இது? எனக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன். ஆணியில தொங்க விட்டுட்டேன். அவ அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டை எடுத்து வச்சிட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.

இப்ப நடந்ததக் கேளுங்க. காலேஜுல கண்காட்சி. புள்ளைக செஞ்சதை எல்லாம் வச்சு, வெளிய இருந்து கம்பெனிக்காரவுக வந்து பாத்து, பிடிச்சுதுன்னா வேலைக்குக் கூப்பிடுவாவளாம். பெத்தவங்க வரணும்னு கூப்பிட்டா. நான் வரமாட்டேன்னுட்டேன். கிடங்கை யாரு பாக்க, வீட்டை யாரு பாக்க? செண்பகம் அவ தம்பியைக் கூட்டிட்டு முந்தாநா போயிட்டா. நேத்து சாயங்காலம் வாட்ஸப்புல ஸ்டேட்டஸ் போட்டிருக்கா. தொட்டுப் பாத்தா வீடியோ.

செவத்துல பெருசா ஒரு கை. பூட்டைப் பிடிச்சு இழுக்குத கை. எங் கை எனக்குத் தெரியாதா? பெருவெரல்ல சாக்கு தைக்குத ஊசி ஏறின தழும்பு இருக்கு பாருங்க, இந்தா இதுதான். ஊரு பேரு தெரியாதவன் முன்னால எங் கையை ஆளுயரத்துக்கு மாட்டி வச்சிருக்கா. அது முன்னால எம் பொண்ணு நிக்கா. ஒரு பூட்டை எடுத்து, காதைச் சாச்சு வச்சு இழுக்கா. அச்சு அசல் நான்தான். நாலு எட்டு நடந்து போறா. திரும்பி வந்து மறுபடியும் இழுக்கா. நிக்குதவனெல்லாம் சிரிக்கான். அந்தக் கடுக்கன் வாத்தியாரும் பல்லக் காட்டிட்டு நிக்காரு. இவ அதுவரைக்கும் இங்கிலீசுல பேசினவ, திடீர்னு தமிழ்ல சொல்லுதா: "எங்க அப்பா டிசைனே அப்படித்தான்."

மறுபடியும் சிரிப்பு. அதோட முடிஞ்சிட்டு வீடியோ.

ஊருக்காரன் முதுகுக்குப் பின்னால சொன்னதைப் பெத்த புள்ள மேடையில ஏறிச் சொல்லிட்டா. நான் கிடங்குல வத்தல் நெடியில இருமி இருமிப் படிக்க வச்சது இதுக்குத்தானா? எனக்கு அழுகை வந்திட்டு அண்ணாச்சி. வெக்கத்த விட்டுச் சொல்லுதேன், பொம்பளை மாதிரி அழுதேன்.

செண்பகத்துக்குப் போனைப் போட்டுக் கத்தினேன். அவ அலட்டிக்கிடவே இல்ல. "ஸ்டேட்டஸுல பாதிதான் ஏறும், மிச்சம் இருக்கு"ங்கா. மிச்சத்தை அனுப்பு, பாப்போம்னேன். "அனுப்ப மாட்டேன். வந்து அவ வாயாலயே கேளுங்க"ன்னா. பாத்தியளா? நல்ல விசயமா இருந்தா அனுப்ப வேண்டியதுதான? எதுக்கு மறைக்கணும்? அந்தச் சிரிப்புக்குப் பெறவு என்ன சொன்னாளோ, என்னென்ன பேசினாளோ. ராத்திரி பூரா அதத்தான் போட்டுப் போட்டுப் பாத்தேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்னு சொல்லி வாயை மூட மாட்டா, அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பா. திறக்கும்போது நின்னுரும். அந்த அடுத்த வார்த்தை என்னன்னு நான் தெரிஞ்சாகணும். தெரிஞ்சுக்கிட்டு, டிசியை வாங்கிக்கிட்டு, கையோட கூட்டிட்டு வந்துருவேன்.

விடியக்காலம் பொறப்பட்டு வீட்டைப் பூட்டலாம்னு பாத்தா, இப்ப போடுத பூட்டு வாசல்ல தொங்குது, சாவியைக் காணோம். வீடு முழுக்கத் தேடியாச்சு. செண்பகம் கொண்டு போயிட்டாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சாவியை மறந்து கொண்டு போறவ இல்ல அவ. பஸ்ஸுக்கு நேரமாச்சு. ஆணியில கோமு குடுத்த பூட்டுதான் தொங்குது. வேற வழியில்லாமத்தான் அதைப் போட்டேன், நம்பிப் போடல. பூட்டினேன். வில்லை கையில விழுந்துது. பையில போட்டேன், ஓடிப்போய் பஸ்ஸைப் பிடிச்சேன். அந்த வாத்தியாரு மேசையில இதை வீசி எறிஞ்சு, நீரே வச்சுக்கிடும்னு சொல்லிட்டு வரணும்.

இருங்க, போன் அடிக்கு. அவதான்.

"ஆங், சொல்லு... ஆமா, வந்துட்டுத்தான் இருக்கேன்... அம்மா சொன்னாளா? எதுக்கு வாறேன்னும் சொன்னாளா?... சரி, அதை நேர்ல பேசுவோம்... எங்கயா? திண்டுக்கல் தாண்டியாச்சு, ஒட்டன்சத்திரம் வரப்போகுது... ஆமாட்டி, ஒட்டன்சத்திரம்தான். உங்க அப்பன் பொய்யா சொல்லுதேன்?... திரும்பவா? எதுக்குத் திரும்பணும்? வில்லைதான் பையில இருக்குல்லா... ஏட்டி? ஏட்டி கோமு... என்னட்டி சத்தத்தையே காணோம்? ஏட்டி, எதுக்கு அழுத? எவனும் எதுவும் சொன்னானா? அந்தத் தாடிக்காரனா? ஏட்டி..."

வச்சிட்டா.

பாத்தியளா அண்ணாச்சி, நான் சொன்னேன்லா, அங்க என்னமோ நடந்திருக்கு. டிசிக்குத்தான் வாறேன்னு தெரிஞ்சும் நல்லாத்தான் பேசிட்டு இருந்தா. அதுக்குக்கூட அழல. இருங்க, வில்லை எங்க... இந்தா இருக்கு. டிசி கிடக்கு, அதைப் பெறவு பாத்துக்கிடலாம். மொதல்ல இதுக்கு எனக்கு விடை தெரியணும். நீங்க எதுக்கு என்னைப் பாத்து அப்பிடிச் சிரிக்கிய? சிரிக்காமச் சொல்லுங்க. நீங்க நாலு ஊரு பாத்தவரு. அப்பன் ஒட்டன்சத்திரம் வந்துட்டேன்னு சொன்னா, ஒரு புள்ள எதுக்கு அழணும்?